சங்கிலிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பட்டை

இரவு முழுவதும் நின்றிருந்த பழைய டொயோட்டா பிக்கப்பைக் காலையில் கிளப்பும்போது எஞ்சினின் முன்பக்கத்திலிருந்து கடகடவென்று ஒரு சத்தம் வருவதுண்டு. சில நொடிகள்தான், பிறகு அடங்கிவிடும். வண்டி எப்போதும்போல் ஓடும், புகை வராது, எந்த விளக்கும் எரியாது. அதனாலேயே பலர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் அந்தச் சில நொடிகளில், எஞ்சினின் முன் அட்டைக்குள் டைமிங் செயின் தளர்ந்து ஆடி, பக்கத்தில் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் பட்டையை அடித்துக்கொண்டிருக்கிறது. பட்டை உடைந்துவிட்டால் அடுத்த அடி அட்டையின் அலுமினியத்தில் விழும். அந்த அலுமினியத்துக்கு மறுபக்கம் கூலன்ட் ஓடுகிறது.

நான் சொல்லும் எஞ்சினின் பெயர் 22ஆர். எரிபொருளை ஊசி மூலம் செலுத்தும் முறை வந்தபின் 22ஆர்இ. நான்கு சிலிண்டர், 2366 கன சென்டிமீட்டர், வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், ஹெட்டின் மேல் ஒற்றை கேம் ஷாஃப்ட். அது பொருத்தப்பட்ட பிக்கப், வளைகுடா நாடுகளில் வேலை பார்த்த நம்மவர்களுக்கு ஹைலக்ஸ் என்று தெரிந்த வண்டியேதான். அமெரிக்காவில் அதற்குத் தனிப் பெயர்கூட வைக்கவில்லை, வெறும் ‘டொயோட்டா பிக்கப்’. 1995 வரை அங்கே அது விற்றது. பண்ணை வேலைக்கும் கட்டட வேலைக்கும் மலைப்பாதைக்கும் என்று வாங்கியவர்கள் இன்றும் அதை விடாமல் ஓட்டுகிறார்கள். பிளாக்கும் கிராங்க்கும் அத்தனை உறுதி. அந்த எஞ்சினின் உண்மையான பலவீனம் ஒன்றுதான். அதை வீட்டு வாசலில் வைத்தே சரிசெய்ய முடியும் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதத் தோன்றுகிறது.

முதலில் அந்தச் சங்கிலி செய்யும் வேலை என்னவென்று பார்ப்போம். நான்கு வீச்சு எஞ்சினில் காற்றை இழுப்பது, அழுத்துவது, எரிப்பது, புகையைத் தள்ளுவது என்ற நான்கு வேலைகளும் முடிய கிராங்க் ஷாஃப்ட் 2 சுற்றுச் சுற்ற வேண்டும். அதற்குள் ஒவ்வொரு வால்வும் ஒரே ஒரு முறை திறந்து மூடினால் போதும். ஆகவே வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், கிராங்க்கின் பாதி வேகத்தில் சுற்ற வேண்டும். கேம் சக்கரத்தில் கிராங்க் சக்கரத்தைப்போல் இரண்டு மடங்கு பற்கள் இருப்பது இதற்காகத்தான். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. வேகம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. பிஸ்டன் எங்கே இருக்கும்போது எந்த வால்வு திறக்கிறது என்பதும் பிசகக்கூடாது. பல எஞ்சின்களில் கீழிறங்கும் வால்வும் மேலேறும் பிஸ்டனும் வெவ்வேறு நேரத்தில் ஒரே இடத்துக்கு வந்துபோகின்றன. நேரம் தப்பினால் இரண்டும் மோதி வால்வு வளையும். உங்கள் எஞ்சின் மோதும் வகையா இல்லையா என்று உறுதியாகத் தெரியாதபோது, மோதும் என்றே எண்ணி வேலை செய்வது நல்லது.

இந்த ஒத்திசைவுக்குச் சங்கிலியைத் தேர்ந்தெடுத்தது நியாயமான முடிவு. ரப்பர் பெல்ட்டுக்கு ஆயுள் இத்தனை மைல் என்று எழுதிவைத்து மாற்றியாக வேண்டும். எண்ணெயில் நனைந்தபடி ஓடும் எஃகுச் சங்கிலிக்கு அப்படி ஒரு கணக்கை யாரும் எழுதுவதில்லை. சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்ட் 1880இல் உருவாக்கிய புஷ் ரோலர் சங்கிலிதான் இன்றைய சைக்கிள் சங்கிலிக்கும் டைமிங் செயினுக்கும் மூலம். அதற்கு முன்பிருந்த சங்கிலிகளில் பின்னின் மேல் தகட்டின் மெல்லிய ஓரம் மட்டுமே உட்கார்ந்து சுழலும். ரெனால்ட் நடுவில் ஒரு குழல்போன்ற புஷ்ஷை வைத்தார். சுமை பின்னின் நீளம் முழுவதும் பரவியது, தேய்மானம் பல மடங்கு குறைந்தது. குறைந்ததே தவிர, நின்றுவிடவில்லை.

‘செயின் நீண்டுவிட்டது’ என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். எஃகுத் தகடு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியும் சக்கரத்தின்மேல் ஏறும்போது ஒருமுறை மடங்குகிறது, இறங்கும்போது ஒருமுறை நிமிர்கிறது. ஒவ்வொரு மடங்கலிலும் பின்னும் புஷ்ஷும் உரசுகின்றன. நடுவில் எண்ணெய்ப் படலம் இருக்கும்வரை உரசல் மிகச் சிறியது. எண்ணெய் அழுக்கானால், அதில் மிதக்கும் கரித்துகளும் உலோகத்தூளும் அந்த இடுக்கில் புகுந்து உப்புத்தாள்போல் வேலை செய்கின்றன. ஒரு மூட்டில் ஒரு மில்லிமீட்டரின் ஐம்பதில் ஒரு பங்கு தேய்ந்ததென்று வையுங்கள். கண்ணுக்கே தெரியாது. ஆனால் சங்கிலியில் ஏறத்தாழ 100 மூட்டுகள் இருந்தால் மொத்த நீளத்தில் 2 மி.மீ. கூடிவிட்டது.

அந்த நீளம் எஞ்சினுக்கு என்ன செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கண்ணிக்குக் கண்ணி 9.525 மி.மீ. இடைவெளியும் கேம் சக்கரத்தில் 36 பற்களும் கொண்ட ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 343 மி.மீ. 360 பாகையை அதால் வகுத்தால், இழுக்கும் பக்கத்துச் சங்கிலியில் கூடும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு பாகைக்குச் சற்று மேல் பின்தங்குகிறது. கிராங்க்கின் கணக்கில் அது இரண்டு பாகை. உள்ளிழுக்கும் வால்வு அந்த அளவு தாமதமாக மூடுகிறது. பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பிறகும் திறந்திருப்பதால், இழுத்த காற்றில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிப் போகிறது. குறைந்த வேகத்தில் இழுவை மங்குகிறது. இது ஒரே நாளில் நடந்தால் யாருக்கும் தெரிந்துவிடும். ஆண்டுக்கணக்கில் நடப்பதால், வண்டிக்கு வயதாகிவிட்டது என்று ஓட்டுபவர் பழகிக்கொள்கிறார்.

இன்னொரு காரணத்தாலும் இந்தத் தேய்மானம் மறைந்துகொள்ளும். இந்த எஞ்சினில் தீப்பொறியைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றுவதும் கேம் ஷாஃப்ட்தான். செயின் தேய்ந்தால் தீப்பொறியும் சேர்ந்தே தாமதமாகும். டியூன்-அப் செய்பவர் டைமிங் லைட்டை வைத்துப் பார்த்து, டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி அளவைச் சரிசெய்துவிடுவார். தீப்பொறி சரியாகிவிட்டது, வால்வுகளின் தாமதம் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு டியூன்-அப்பிலும் டிஸ்ட்ரிபியூட்டரை ஒரே திசையில் நகர்த்த வேண்டியிருந்தால், அது செயினைப் பற்றிய செய்தி.

தளர்ந்த சங்கிலி ஏன் அடிக்கிறது என்பதற்கு வால்வு ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டும். கேமின் மேடு வால்வைத் திறக்கும்போது ஸ்பிரிங்கை அமுக்குகிறது. அதற்கு விசை வேண்டும், செயின் இழுக்கிறது. மேட்டின் உச்சியைத் தாண்டியதும் அதே ஸ்பிரிங் கேமை முன்னால் தள்ளுகிறது. அந்தக் கணத்தில் கேமே சங்கிலியை ஓட்டப் பார்க்கிறது. இழுபட்டிருந்த பக்கம் தொய்கிறது. நான்கு சிலிண்டருக்கும் இப்படி மாறி மாறி விசை வந்து போவதால், சங்கிலி ஒரு கணம் விறைத்து, மறுகணம் தொய்ந்து துடித்தபடியே ஓடுகிறது. இதை அடக்கத்தான் ஒரு பக்கம் டென்ஷனர், மறுபக்கம் கைடு.

முன்னிருந்து பார்த்தால் கிராங்க் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. ஆகவே பார்ப்பவரின் வலப்பக்கம், அதாவது அமெரிக்க வண்டியில் ஓட்டுநர் பக்கம், சங்கிலி இழுபட்டுக் கீழிறங்குகிறது. அந்தப் பக்கம்தான் நீளமான பிளாஸ்டிக் கைடு இருக்கிறது. எதிர்ப்பக்கம் தொய்வுள்ள பக்கம், அங்கே இன்னொரு கைடும் டென்ஷனரும். டென்ஷனருக்குள் ஒரு சுருள்வில், அதற்குத் துணையாக எஞ்சின் எண்ணெயின் அழுத்தம். வண்டி இரவெல்லாம் நிற்கும்போது எண்ணெய் கீழே வடிந்துவிடும். காலையில் கிளப்பியதும் அழுத்தம் ஏறச் சில நொடிகள் ஆகும். அதுவரை டென்ஷனருக்கு வில்லின் பலம் மட்டுமே. புதிய செயினுக்கு அது போதும், தேய்ந்து நீண்டதற்குப் போதாது. காலைச் சத்தம் இதுதான். எண்ணெய் அழுத்தம் வந்ததும் அடங்குவதால் நோய் நீங்கிவிட்டது என்று நினைப்பது தவறு.

1982 வரை வந்த 22ஆர் எஞ்சினில் இரட்டை வரிசைச் சங்கிலி இருந்தது. 1983 மாடலிலிருந்து ஒற்றை வரிசையாகவும், கைடு பிளாஸ்டிக்காகவும் மாறின. ஒற்றை வரிசைக்கு எடையும் உராய்வும் குறைவு என்பது உண்மை. ஆனால் சுமையைச் சுமக்கும் பரப்பும் பாதியாகக் குறைந்தது. பிளாஸ்டிக்கின் கதை வேறு. சூடான எண்ணெயில் பல ஆண்டுகள் ஊறும்போது அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் வெப்பத்தாலும் ஆக்சிஜனாலும் துண்டு துண்டாகின்றன. வெளிப்பார்வைக்கு நிறம்தான் கறுத்திருக்கும். வளைத்தால் வளையாது, படக்கென்று முறியும். அமெரிக்க வி8 எஞ்சின்களிலும் இதே பாடம் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் சத்தத்தைக் குறைப்பதற்காகப் பல எஞ்சின்களில் அலுமினிய கேம் சக்கரத்தின் பற்களை நைலானால் செய்தது. வயதானதும் அந்த நைலான் உதிர்ந்து, எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வலையில் போய் அடைந்தது.

22ஆர்இ எஞ்சினின் முன் அட்டையைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால், கைடு உடைந்த வண்டியில் ஓட்டுநர் பக்கத்து உட்சுவரில் பளபளவென்று ஒரு பள்ளம் தெரியும். கடைசல் இயந்திரத்தில் வெட்டியதுபோல் நேரான, மழுங்கிய ஓரமுள்ள பள்ளம். விரல் நகம் தாராளமாக உள்ளே இறங்கும். சங்கிலியின் தகடுகள் ஒவ்வொரு துடிப்பிலும் அலுமினியத்தை மெல்லச் சுரண்டி எடுத்த வேலை அது. அந்தப் பள்ளத்துக்கு நேர் பின்னால் வாட்டர் பம்பிலிருந்து வரும் கூலன்ட் பாதை. சுவர் ஓட்டையானதும் ஓட்டம் ஒரே திசையில்தான் நடக்கும். கூலன்ட் பக்கத்தில் அழுத்தம் உண்டு, அட்டையின் உட்புறத்தில் இல்லை. கூலன்ட் நேராக எண்ணெய்ச் சம்ப்புக்குள் இறங்குகிறது. எத்திலீன் கிளைக்கால் கலந்த எண்ணெய்க்கு பேரிங்குகளைக் காக்கும் சக்தி போய்விடுகிறது. இரண்டு மூன்று லட்சம் மைல் ஓடக்கூடிய கிராங்க், சில நாளில் கெட்டுப்போகும்.

இங்கே ஒரு தவறான முடிவு அடிக்கடி எடுக்கப்படுகிறது. எண்ணெய் பால் கலந்த காப்பி நிறமாகிவிட்டால், ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று ஹெட்டைக் கழற்றிவிடுகிறார்கள். புதிய கேஸ்கட் போட்டு, காசைச் செலவழித்துப் பூட்டிய பிறகும் எண்ணெய் மீண்டும் வெளுக்கிறது. இந்த எஞ்சினில் எண்ணெய்க்குள் கூலன்ட் வந்தால், முன் அட்டையைச் சந்தேகிக்காமல் ஹெட்டைத் தொடக்கூடாது.

பார்ப்பது எளிது. மேலே இருக்கும் வால்வு கவரைக் கழற்றி, டார்ச் விளக்கைச் செயின் இறங்கும் இடைவெளிக்குள் அடித்தால், ஓட்டுநர் பக்கத்துக் கைடின் மேல்முனை தெரியும். பிளாஸ்டிக் முழுதாக இருக்கிறதா, முறிந்து சாய்ந்திருக்கிறதா, அங்கே ஒன்றுமே இல்லையா என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஒன்றும் இல்லையென்றால், அந்தத் துண்டுகள் எங்கே போயின என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். அவை சம்ப்பில் கிடக்கின்றன.

வேலையைத் தொடங்குமுன் சில ஏற்பாடுகள். பாட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். வண்டியைத் தூக்கினால் ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள், ஸ்டாண்டு வைத்தே ஆக வேண்டும். கூலன்ட்டைத் தொட்டியில் பிடித்து உடனே மூடுங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கிவிடும், சிறிதளவே அவற்றைக் கொன்றுவிடும். வடித்த எண்ணெயை அமெரிக்காவில் உதிரிபாகக் கடைகள் பலவும் இலவசமாக வாங்கிக்கொள்கின்றன. பிறகு ரேடியேட்டர், விசிறி, பெல்ட்டுகள் என்று முன்பக்கம் முழுவதும் காலியாக வேண்டும். நீளம் மாறுபட்ட போல்ட்டுகள் அட்டையில் நிறைய உண்டு. ஓர் அட்டைப்பெட்டித் துண்டில் அட்டையின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் துளையிட்டு போல்ட்டைச் செருகி வைத்தால் பின்னால் தலைவலி இல்லை. நீள போல்ட்டைக் குட்டைத் துளையில் முறுக்கினால் அலுமினிய மரை போய்விடும்.

பலரும் மலைப்பது கிராங்க் புல்லியின் நடு போல்ட்டுக்கு. அதைப் பூட்டும் அளவு 157 நியூட்டன் மீட்டர். அரை மீட்டர் கைப்பிடியில் அது சுமார் 32 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். பல ஆண்டு இறுகிய போல்ட்டுக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். கைப்பிடியில் ஒரு மீட்டர் குழாயைச் செருகினால் தேவைப்படும் பலம் பாதியாகிறது. கியர் வண்டியை மேல் கியரில் போட்டு, ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டால் கிராங்க் நகராது. ஸ்பேனரை மாட்டிவிட்டு ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தட்டி போல்ட்டை இளக்கும் வழியைச் சிலர் சொல்வார்கள். கைப்பிடி நழுவினால் கையோ முகமோ உடையும். அதைச் செய்ய வேண்டாம்.

போல்ட்டை இளக்கிய பிறகுதான் எஞ்சினை நிலைப்படுத்த வேண்டும், முன்பே அல்ல. இளக்கும்போது கிராங்க் பின்னோக்கி நகரக்கூடும் என்பதே காரணம். முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சியில் இருக்கும் நிலைக்கு, எப்போதும் வலஞ்சுழியாகவே சுற்றிக் கொண்டுவாருங்கள். திருப்பிச் சுற்றினால் தொய்வு மறுபக்கம் போய்விடும், கேம் நிற்கும் இடத்தைத் தப்பாகப் படிப்போம். புல்லியின் குறி பூஜ்யத்துக்கு வருவது ஒரு முழுச் சக்கரத்தில் இரண்டு முறை. ஒன்று அழுத்தும் வீச்சின் முடிவு, மற்றொன்று புகை தள்ளும் வீச்சின் முடிவு. நமக்கு வேண்டியது முதலாவது. அப்போது முதல் சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும், இரண்டு ராக்கர்களையும் விரலால் லேசாக ஆட்ட முடியும். கேம் ஷாஃப்ட்டின் முனையிலுள்ள சிறு பின் 12 மணி நிலையில் மேலே நிற்கும். கிராங்க்கின் சாவியும் மேல்நோக்கி இருக்கும். இந்த நிலையைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சங்கிலியைக் கழற்றிய பிறகு இரண்டு ஷாஃப்ட்டையும் அசைக்கவே கூடாது.

அட்டையின் எல்லா போல்ட்டுகளையும் எடுத்தாயிற்று, ஆனாலும் அட்டை வரவில்லை என்று நெம்பி, அலுமினியத்தைப் பிளந்தவர்கள் உண்டு. ஒரு போல்ட் ஒளிந்திருக்கிறது. ஹெட்டின் முன் முனையில், கேம் சக்கரத்துக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் பல்சக்கரத்துக்கும் கீழே ஒரு சிறு பள்ளம். அதில் எப்போதும் எண்ணெய் தேங்கி நிற்கும். கறுத்த எண்ணெய்க்கடியில் போல்ட்டின் தலை தெரியாது. துணியால் ஒற்றி எடுத்தால்தான் தென்படும். மேலிருந்து ஹெட் வழியாக அட்டைக்குள் இறங்கும் போல்ட் அது. அதை எடுத்துவிட்டால் மீதி வேலை தானாக வரும்.

அட்டையின் மேல்விளிம்பு ஹெட் கேஸ்கட்டின் முன் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது, கீழ்விளிம்பு எண்ணெய்ச் சம்ப்பில். ஹெட்டைக் கழற்றாமலே இந்த வேலையை முடிக்கலாமா என்று கேட்டால், ஹெட் கேஸ்கட் நன்றாக இருக்கும் வண்டியில் கழற்ற வேண்டியதில்லை என்பேன். மெல்லிய தகட்டை இடையில் விட்டுக் கேஸ்கட்டை மெதுவாகப் பிரித்தால் போதும். சம்ப் விஷயத்தில் மட்டும் சமரசம் கிடையாது. கைடு உடைந்த எஞ்சினில் சம்ப்பை இறக்காமல் பூட்டினால், கீழே கிடக்கும் பிளாஸ்டிக் துண்டுகள் எண்ணெய் உறிஞ்சும் வலையை என்றாவது அடைக்கும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளில் முன் டிஃபரன்ஷியல் குறுக்கே நிற்பதால் சம்ப்பை இறக்குவது சிரமம். சிரமம்தான், ஆனாலும் செய்தாக வேண்டும்.

பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது கைவசம் இருப்பதை எல்லாம் பயன்படுத்தத் தோன்றும். டிரில்லில் மாட்டிச் சுற்றும் உராய்வுத் தட்டை மட்டும் தொடாதீர்கள். அதிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு துகள் எஃகைவிடக் கடினமானது. எண்ணெயோடு போய் பேரிங்கை அறுக்கும். பிளாஸ்டிக் சுரண்டியும் பொறுமையும் போதும். பசை பூசும்போதும் மெல்லிய கோடாகப் பூசுங்கள். அதிகமானது உள்பக்கமாகப் பிதுங்கி, காய்ந்து, உதிர்ந்து, அதுவும் எண்ணெய் வலையைத்தான் தேடிப்போகும்.

அட்டையில் பள்ளம் விழுந்திருந்தால் அட்டையையே மாற்றிவிடுங்கள். ஒட்டுப்போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கூலன்ட் அழுத்தத்தையும் சூட்டையும் தாங்கிப் பல ஆண்டு நிற்க வேண்டிய சுவர் அது. செயினை மட்டும் மாற்றுவதும் வீண். செயின், இரண்டு சக்கரங்கள், இரண்டு பக்கத்துக் கைடுகள், டென்ஷனர், முன் ஆயில் சீல் எல்லாம் சேர்ந்தே புதிதாக வேண்டும். தேய்ந்த பற்களில் புதிய செயின் ஏறினால், பழைய பல்லின் வடிவம் புதிய சங்கிலியைச் சீக்கிரமே தின்றுவிடும். ஓட்டுநர் பக்கத்துக்கு எஃகுத் தகட்டின்மேல் மென்பூச்சு ஏற்றிய கைடுகள் கிடைக்கின்றன. இந்த எஞ்சினை அறிந்தவர்கள் அதைத்தான் வாங்குகிறார்கள். இந்த வேலையில் காசை மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் அது. வாட்டர் பம்ப் அந்த அட்டையின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, அதையும் இப்போதே மாற்றிவிட்டால் மறுபடி இவ்வளவையும் கழற்ற வேண்டாம்.

புதிய செயினில் சில கண்ணிகள் மட்டும் பளிச்சென்று வேறு நிறத்தில் இருக்கும். கிராங்க் சக்கரத்தின் குறி ஒரு பளிச்சிடும் கண்ணிக்கு நேராகவும், கேம் சக்கரத்தின் குறி மற்றதற்கு நேராகவும் அமைய வேண்டும். சங்கிலியைக் கேம் சக்கரத்தோடு ஒரு பிளாஸ்டிக் கட்டுநாடாவால் கட்டிவைத்தால் பல் நழுவாது. 36 பல் சக்கரத்தில் ஒரு பல் தவறினால் கேம் 10 பாகை, கிராங்க் கணக்கில் 20 பாகை பிசகும். எஞ்சின் ஓடவே மறுக்கலாம், அல்லது தள்ளாடி ஓடலாம். கேம் போல்ட்டை 78 நியூட்டன் மீட்டரில் பூட்டிவிட்டு, ஸ்பேனரால் கிராங்க்கைக் கையாலேயே 2 முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எங்காவது கெட்டியாகத் தடுத்தால் உடனே நிறுத்துங்கள். வால்வு எதையோ தொடுகிறது.

அந்த 2 சுற்றுக்குப் பிறகு சாவியும் கேம் பின்னும் மீண்டும் மேலே வந்து நிற்கும், ஆனால் பளிச்சிடும் கண்ணிகள் குறிகளைவிட்டு விலகியிருக்கும். பலர் இங்கே பதறிப்போய் எல்லாவற்றையும் மறுபடி பிரிக்கிறார்கள். பதற வேண்டாம். சங்கிலியில் 94 கண்ணிகளும் கேம் சக்கரத்தில் 36 பற்களும் இருப்பதாகக் கொண்டால், இரண்டுக்கும் பொதுவான மிகச்சிறிய மடங்கு 1692. அதாவது கேம் 47 முறை, கிராங்க் 94 முறை சுற்றிய பிறகே அதே கண்ணி அதே பல்லுக்குத் திரும்பி வரும். ஒரே கண்ணி ஒரே பல்லை ஒவ்வொரு சுற்றிலும் சந்திக்காதது நல்லதுதான். தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் பரவிவிடுகிறது. ஆகவே பூட்டிய பிறகு நம்ப வேண்டியது கிராங்க் சாவியையும் கேம் பின்னையும்தான்.

எண்ணெய்ப் பம்ப்பும் இதே அட்டையில்தான், கிராங்க்கின் முனையில் சுற்றுகிறது. கழற்றியபோது அதற்குள் இருந்த எண்ணெய் வடிந்திருக்கும். வறண்ட பல்சக்கரங்கள் சம்ப்பிலிருந்து எண்ணெயை உறிஞ்சத் தடுமாறும். பூட்டுமுன் பம்ப்புக்குள் வாசலினை நிரப்பிவிட்டால், முதல் சுற்றிலிருந்தே உறிஞ்சும் பலம் கிடைக்கும். பிறகு அது எண்ணெயில் கரைந்துபோகும். புதிய சங்கிலியையும் எண்ணெயில் நனைத்து மாட்டுங்கள். தீப்பொறி இணைப்பைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்த முள் அசையும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றிவிட்டு, அதன்பிறகு கிளப்புங்கள். 22ஆர்இ எஞ்சினில் சோதனை இணைப்பியில் குறுக்குக் கம்பி போட்டு, தீப்பொறியை உச்சிக்கு 5 பாகை முன்னால் வையுங்கள். எஞ்சின் சூடான நிலையில் வால்வு இடைவெளி உள்ளிழுக்கும் பக்கம் 0.20 மி.மீ., வெளியேற்றும் பக்கம் 0.30 மி.மீ.

கூலன்ட் கலந்திருந்த எஞ்சின் என்றால், எவ்வளவு துடைத்தாலும் எண்ணெய் வழிகளில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதனால் முதல் எண்ணெயை விலை குறைந்ததாகவே ஊற்றி, சிறிது தூரம் ஓட்டி, சூடாக இருக்கும்போதே வடித்துவிடுங்கள். இரண்டாவது எண்ணெயை நல்லதாக ஊற்றி, 500 மைலில் அளவுக்கம்பியை எடுத்துப் பாருங்கள். வெளுப்பு இல்லையென்றால் வேலை முடிந்தது. அதன்பின் எண்ணெயையும் வடிகட்டியையும் தவணை தவறாமல் மாற்றுங்கள். என்றைக்காவது காலையில் மறுபடி அந்தச் சத்தம் கேட்டால், அன்றே வால்வு கவரைத் திறந்து ஓட்டுநர் பக்கத்துக் கைடைப் பாருங்கள்.